"தேவையெண்டா மெசேஜ் போடுங்கோ": இரண்டு அமர்வுகளுக்கு நடுவில் உளச்சிகிச்சையாளரைத் தொடர்புகொள்வது

முதல் அமர்வு முடிந்து கதிரையை விட்டு எழும்பும்போது சிகிச்சையாளர்கள் பலரும் சொல்லுகிற வசனம் ஒன்று உண்டு: "ஏதும் தேவையெண்டா மெசேஜ் ஒண்டு போடுங்கோ." சொல்லுபவர் நேரம் மாற்றுவதை நினைத்துச் சொல்லியிருப்பார். கேட்பவரோ, இரவு 11.40க்கு நெஞ்சு படபடக்கும்போது பிடித்துக்கொள்ள ஒரு கயிறு கிடைத்ததாக எடுத்துக்கொள்வார். பிறகு ஒருநாள் அந்த 11.40 வருகிறது. வட்ஸ்அப்பில் மெசேஜ் போகிறது, இரண்டு சரியடையாளமும் நீலமாகிறது, பதில் இல்லை. "நான் கரைச்சல் குடுத்திட்டன்" என்று ஒருவர் வெட்கப்படுகிறார். "காசுக்குத்தான் கதைக்கிறவ" என்று இன்னொருவர் கசந்துபோகிறார். அடுத்த அமர்வுக்கு இருவரும் வராமல் விடக்கூடும்.

இரண்டு பேரிலும் பிழையில்லை. அமர்வுகளுக்கு இடையிலான தொடர்பு என்பது பாசத்தையோ மரியாதையையோ அளக்கும் விஷயமல்ல. மருந்தின் அளவைப் போல அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதி. எவ்வளவு, எதற்கு, எந்த வழியாக என்று முன்கூட்டியே பேசித் தீர்மானிக்க வேண்டியது. பேசாமல் விட்ட இடத்தில்தான் காயம் வருகிறது.

யாரிடம் எதைக் கேட்பது

"கவுன்சலிங் போறன்" என்று கொழும்பில் சொல்லும்போது அதற்குள் மூன்று வகையான ஆட்கள் அடங்கிவிடுகிறார்கள். மனநல வைத்தியர் மருத்துவம் படித்து, மனநலத்தில் மேற்பயிற்சி பெற்றவர். மருந்து எழுதுபவர் அவர். உளவியலாளர் பேச்சு வழியாகவும் பயிற்சிகள் வழியாகவும் சிகிச்சை செய்பவர், மருந்து எழுதமாட்டார். உளவளத்துணையாளர் குடும்பம், இழப்பு, உறவு, வேலை போன்ற பிரச்சினைகளில் துணைநின்று வழிகாட்டுபவர். அவரும் மருந்து எழுதமாட்டார். பின்னைய இருவரையும் இந்தக் கட்டுரை 'சிகிச்சையாளர்' என்று சேர்த்தே அழைக்கிறது.

இந்தப் பிரிவு தெரியாததால் வரும் பிழைகளில் மோசமானது, மருந்துக் கேள்வியைச் சிகிச்சையாளருக்கு அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது. செர்ட்ரலின், ஃபுளூஒக்செடின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் வேலைசெய்யத் தொடங்க 2 முதல் 6 கிழமை எடுக்கும். வயிற்றுப் பிரட்டல், நித்திரையின்மை, பதற்றம் முதலியவை முதல் சில நாளிலேயே வந்துவிடும். பலன் தெரியவில்லை, தொந்தரவு மட்டும் தெரிகிறது என்று பலர் தாங்களாகவே மருந்தை நிறுத்துவது இந்த இடைவெளியில்தான். அந்தக் கேள்வி வைத்தியருக்குப் போகவேண்டும். அதிலும் 25 வயதுக்குக் குறைந்த ஒருவருக்கு மருந்து தொடங்கிய அல்லது அளவு மாற்றிய முதல் கிழமைகளில் இருப்புக்கொள்ளாத தவிப்போ சாக வேண்டுமென்ற எண்ணமோ புதிதாக வந்தால், அடுத்த கிளினிக் நாள்வரை பொறுக்கக்கூடாது.

மூன்று மருந்துகளைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். இவற்றை எடுப்பவருக்குக் கீழே சொல்லும் குறிகள் வந்தால் மெசேஜ் போட்டுவிட்டுக் காத்திருக்க இடமில்லை. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

1. லித்தியம் எடுப்பவருக்கு வாந்தி, வயிற்றோட்டம், கை நடுக்கம் கூடுதல், நடையில் தள்ளாட்டம், பேச்சுக் குழறல். உடம்பில் நீர் வற்றினால் இரத்தத்தில் லித்தியம் ஏறும். டைக்ளோஃபெனக், இபுபுரோஃபன் போன்ற வலி மாத்திரைகளும் அதை ஏற்றும்.

2. குளோசபின் எடுப்பவருக்குக் காய்ச்சல் அல்லது தொண்டை நோ. இந்த மருந்து சிலருக்கு வெள்ளை அணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். கொழும்பில் டெங்குக் காலத்தில் காய்ச்சல் வந்தால் பனடோலைப் போட்டுவிட்டு மூன்றாம் நாள் இரத்தம் பார்ப்பது வீட்டு வழக்கமாகிவிட்டது. குளோசபின் எடுப்பவர் முதல் நாளே இரத்தம் பார்க்கவேண்டும். மருந்தின் பெயரையும் அங்கே சொல்லவேண்டும்.

3. லமோட்ரிஜின் தொடங்கிய கிழமைகளில் தோலில் தடிப்பு, வாய்ப்புண்.

அரச ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் பொதுவாக யாருடைய தனிப்பட்ட நம்பரும் கிடைக்காது. கையில் இருப்பது கிளினிக் கொப்பியும் அடுத்த திகதியும்தான். ஆனால் அந்தத் திகதிக்கு முன் போகக்கூடாது என்று ஒரு சட்டமும் இல்லை. நிலைமை மோசமானால் கொப்பியோடு வெளிநோயாளர் பிரிவுக்கோ, இரவென்றால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ போகலாம். தனியார் ஆஸ்பத்திரியில் சனல் பண்ணிப் பார்ப்பவர்கள் வேறொன்றைக் கவனிக்கவேண்டும். அங்கே தரப்படும் நம்பர் பெரும்பாலும் கவுண்டரில் இருப்பவரின் கைக்குப் போவது. அதற்கு அனுப்பும் நீண்ட மனக்குமுறலை முதலில் வாசிப்பவர் சிகிச்சையாளர் அல்ல.

எல்லை எதற்கு

அமர்வு பொதுவாக 50 நிமிடம். மிச்சப் பத்து நிமிடத்தில் சிகிச்சையாளர் குறிப்பெழுதி, அடுத்தவருக்குத் தயாராகிறார். அதே நேரம், அதே அறை, அதே ஆள் என்ற அந்த ஒழுங்கே சிகிச்சையின் சட்டகம். அடிமனதை ஆராயும் மரபில் வந்தவர்கள் இந்தச் சட்டகத்தை இறுக்கமாகப் பிடிப்பார்கள். நடுவில் எழும் ஏக்கம், கோபம், காத்திருப்பு ஆகியவற்றை மெசேஜில் கரைத்துவிடாமல் அறைக்குள் கொண்டுவந்து பார்க்கவேண்டும் என்பது அவர்களுடைய நியாயம். அதனால் நேரம் மாற்றுவதற்கு மட்டும்தான் அவர்களுடைய போன்.

சிந்தனையையும் நடத்தையையும் மாற்றும் சிகிச்சை செய்பவர்கள் வீட்டுப்பாடம் தருவார்கள்: நடந்தது என்ன, மனதில் ஓடியது என்ன, எவ்வளவு பயம், என்ன செய்தேன் என்று ஒரு தாளில் நிரப்புவது. அதில் சந்தேகம் வந்தால் சுருக்கமாகக் கேட்கலாம் என்பார்கள்.

மூன்றாவது ஒரு முறையில் போன் சிகிச்சைக்கு உள்ளேயே இருக்கிறது. உணர்ச்சிக் கொந்தளிப்பும் தன்னைத்தானே காயப்படுத்தும் பழக்கமும் உள்ளவர்களுக்காக அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினெஹன் உருவாக்கி, 1993இல் நூலாக வெளியிட்ட சிகிச்சை அது. அமர்வில் படித்த திறனை வீட்டில், அந்தக் கொந்தளிப்பின் நடுவில் பயன்படுத்த உதவுவதே அதில் போனின் வேலை. கோல் சில நிமிடங்களே நீளும். "என்ன நடந்தது? எதை முயற்சி செய்தீர்கள்? அடுத்து எதை முயற்சிக்கலாம்?" என்பதோடு முடியும். அதில் பெயர்பெற்ற விதி ஒன்று: காயப்படுத்தும் எண்ணம் வரும்போது கோல் எடுக்கலாம், காயப்படுத்திய பிறகு 24 மணிநேரத்துக்கு அந்தப் போன் உதவி கிடையாது. உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும் விலக்கு. கேட்டவுடன் கல்நெஞ்சு போலத் தெரியும். காயத்துக்குப் பிறகு ஆறுதலும், காயத்துக்கு முன் மௌனமும் கிடைத்தால் மனம் எதைக் கற்றுக்கொள்ளும் என்று யோசித்தால் விதியின் காரணம் விளங்கும். உதவி முன்னால் நிற்கவேண்டும் என்பதே அதன் கருத்து.

உங்கள் சிகிச்சையாளர் எந்த முறையில் வேலைசெய்கிறார் என்று நேரே கேட்கலாம். அது மரியாதைக் குறைவல்ல. பதில் தெரிந்தால் அவருடைய போன் விதியின் காரணமும் தெரிந்துவிடும்.

உடனடிப் பதில் எப்போது கெடுதல்

பதில் வந்தால் நல்லதுதானே என்ற கேள்வி நியாயமானது. பல நேரங்களில் நல்லதுதான். பதற்ற நோய்களிலும், ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்து அலைக்கழிக்கும் எண்ணச் சுழற்சி நோயிலும் (OCD) அது அப்படியில்லை.

வெள்ளவத்தையில் ஐந்தாம் மாடி ஃபிளட் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பூட்டிவிட்டு இறங்கியவருக்குக் காலி வீதிக்கு வந்ததும் "கேஸை மூடினேனா?" என்ற சந்தேகம் குத்துகிறது. சிகிச்சையாளருக்கு மெசேஜ் போடுகிறார்: "மிஸ், மூடியிருப்பன்தானே?" "ஓம், மூடியிருப்பீங்கள்" என்று பதில் வருகிறது. நெஞ்சு இறங்குகிறது. பஸ் பம்பலப்பிட்டியைத் தாண்டுமுன் மறுபடி: "மிஸ் வீட்டைப் பார்க்கேல்லையே, அவவுக்கு எப்பிடித் தெரியும்?" இப்போது முன்னதைவிடக் கூடிய உறுதி தேவைப்படுகிறது. நாளைக்கு ஒரு மெசேஜ் போதாது, மூன்று வேண்டியிருக்கும். உறுதிமொழி பயத்தைத் தீர்ப்பதில்லை. கேட்கும் பழக்கத்தையே வளர்க்கிறது. பதற்றத்தைத் தாங்கிக்கொண்டு நின்றால் அது தானாகவே ஏறி, தணிந்து, இறங்கும் என்பதை உடம்பு அனுபவத்தில் கற்பதுதான் இங்கே சிகிச்சை. அதனால் நல்ல சிகிச்சையாளர், "இது உறுதி கேட்கிற கேள்வி என்று நினைக்கிறேன். நாம் பேசியபடி 20 நிமிடம் பொறுத்துப் பார்ப்போமா?" என்று மட்டும் பதில் போடுவார். அலட்சியத்தால் அல்ல, இருவரும் சேர்ந்து செய்யும் வேலை அது.

இன்னொரு பொறி, பதில் சிலவேளை வருவதும் சிலவேளை வராததும். ஒழுங்காகக் கிடைக்கும் பரிசைவிட எப்போதாவது கிடைக்கும் பரிசு ஒரு பழக்கத்தை ஆழமாக வேரூன்றச் செய்யும் என்பதை பி.எஃப். ஸ்கின்னரின் ஆய்வுகள் காட்டின. திங்கள் நள்ளிரவில் உடனே பதில் போட்டு, வியாழன் நள்ளிரவில் மௌனமாக இருக்கும் சிகிச்சையாளர், தன்னை அறியாமலே அந்த மனிதரை விடிய விடியப் போனைப் பார்க்க வைக்கிறார். "இரவு 8 மணிக்குப் பிறகு பார்க்கமாட்டேன்" என்று சொல்லி அதன்படி நடப்பவர் கண்டிப்பானவராகத் தெரியலாம். ஆனால் தாங்குவதற்கு அதுதான் எளிது. இந்த விஷயத்தில் இளகிய மனதைவிட ஒழுங்குக்கே எங்கள் ஓட்டு.

நான்கு வகை மெசேஜ்

அனுப்புமுன் கையிலிருப்பது எந்த வகை என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

1. ஏற்பாடு. நேரம் மாற்றுதல், பிந்துதல், கட்டணம். இதற்குத் தயக்கமே வேண்டாம். "மிஸ், வணக்கம். வியாழன் 4 மணி அமர்வுக்கு வர ஏலாது. வெள்ளி அல்லது சனி காலமை நேரம் இருக்குதா?" இவ்வளவு போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. ரத்துச் செய்ய 24 மணிநேர முன்னறிவித்தல் கேட்பவர்கள் பலர். பிந்தினால் முழுக் கட்டணமும் கேட்கக்கூடும். போயா நாளில் அமர்வு உண்டா என்பதை முந்திய கிழமையே கேட்டுவைப்பது நல்லது.

2. தகவல். வீட்டில் ஒரு மரணம், வேலை போனது, அமர்வில் சொல்லக் கூச்சமாக இருந்த ஒன்று. "இதுக்குப் பதில் தேவையில்லை. வியாழக்கிழமை இதைப் பற்றிக் கதைக்க வேணும், நான் மறைச்சாலும் நீங்கள் கேளுங்கோ." மிகவும் பயனுள்ள மெசேஜ் இதுவே. வாயால் வராதது கதவைத் தாண்டி உள்ளே வந்துவிடுகிறது. பேச்சு அமர்வில் நடக்கிறது.

3. திறன் உதவி. முன்பே ஒப்புக்கொண்டிருந்தால் மட்டும். "பஸ்ஸில பயம் வந்தது, மூச்சுப் பயிற்சி செய்தன், தலை சுத்துது, பிழையாச் செய்யிறனா?" இப்படிக் குறிப்பாகக் கேட்டால் ஒரு வரியில் விடை வரும். ஆழமாக, வேகமாக இழுத்தால் தலை சுற்றும். மெதுவாக, வெளிமூச்சை நீளமாக விடவேண்டும். "எனக்கு ஒண்டும் சரிவருதில்லை" என்ற மெசேஜுக்கு ஒரு வரி விடை கிடையாது. அது அமர்வுக்கு உரியது.

4. ஆபத்து. சாக வேண்டும், தன்னைக் காயப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் வலுத்திருப்பது, அல்லது வீட்டில் யாரோ அடிப்பது. இது மெசேஜுக்கு உரியதே அல்ல.

ஆபத்தில் சிகிச்சையாளர் முதல் நம்பர் அல்ல

தனியாக வேலைசெய்யும் சிகிச்சையாளர் நித்திரை கொள்வார், இன்னொருவரோடு அமர்வில் இருப்பார், சிக்னல் இல்லாத இடத்தில் நிற்பார். ஓர் உயிரை ஒரு மனிதரின் போனில் தொங்கவிடக்கூடாது. ஆகவே பின்வரும் நம்பர்கள் இன்றே போனில் ஏறட்டும்.

1926: அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இணைப்பு. 24 மணிநேரமும் இயங்குவது.

1990: சுவசெரிய அம்புலன்ஸ். 2016இல் தொடங்கியது, இலவசம். எடுத்தவுடன் இடத்தைச் சொல்லவேண்டும். ஃபிளட் என்றால் மாடியையும், கீழே கேட்டைத் திறக்க யார் நிற்பார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

1333: இலவச உளவளத்துணை இணைப்பு.

1929 சிறுவர்களுக்கு, 1938 பெண்களுக்கு. உடனடி வன்முறை என்றால் பொலிஸ் 119.

சுமித்ரயோவும் இருக்கிறது. 1974 முதல் இயங்கும் அமைப்பு; பயிற்சி பெற்ற தொண்டர்கள் காதுகொடுத்துக் கேட்பார்கள். அவர்கள் மருத்துவர்கள் அல்ல. துன்பத்தைச் சொல்லி இறக்கிவைக்க நல்ல இடம். உடனடி ஆபத்துக்கு 1990தான்.

தமிழில் பேச வேண்டுபவர்கள் நல்ல நாள் ஒன்றிலேயே இந்த நம்பர்களுக்கு ஒருமுறை எடுத்து, தமிழ் பேசுபவரை எப்படிக் கேட்பது, எந்த நேரம் இலகு என்று விசாரித்து வைக்கலாம். மனம் உடைந்து நிற்கும் இரவில், அரைகுறைச் சிங்களத்தில் "தெமளென் கதா கரன்ன புளுவந்த?" (தமிழில் கதைக்க முடியுமா?) என்று தொடங்குவதுகூடப் பெரிய மலையாகத் தெரியும். அந்த வரியையும் நம்பருக்குப் பக்கத்தில் எழுதி வைக்கலாம்.

மாத்திரையோ வேறெதுவுமோ கூடுதலாக உட்கொண்டுவிட்டால் "இப்ப ஒண்டும் செய்யேல்லை, சுகமா இருக்கிறன்" என்ற உணர்வை நம்பக்கூடாது. சில மருந்துகள் முதல் நாள் ஒரு குறியும் காட்டாமல் உள்ளே ஈரலைச் சேதப்படுத்தும். அந்த நஞ்சை முறிக்கும் மருந்தை ஆரம்ப மணித்தியாலங்களில் கொடுத்தால்தான் முழுப் பலன் தரும். தேசிய வைத்தியசாலை, களுபோவில வைத்தியசாலை, பிள்ளைகளுக்கு லேடி ரிஜ்வே என்று எது கிட்டவோ அங்கே உடனே போகவேண்டும், மாத்திரை மட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு. பொலிஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து வீட்டில் வைத்துக்கொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இலங்கையில் தற்கொலை முயற்சி 1998இலிருந்து குற்றமல்ல. இதைச் சத்தமாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

இந்த நம்பர்கள் வெறும் பட்டியலாகக் கிடந்தால் இருட்டில் யாரும் தேடி எடுக்கமாட்டார்கள். அதற்குத்தான் பாதுகாப்புத் திட்டம் என்ற ஒரு பக்கத் தாள். அமெரிக்காவில் பார்பரா ஸ்டேன்லியும் கிரெகரி பிரவுனும் வகுத்த வடிவத்தில் ஆறு படிகள். எனக்கு மோசமாகப் போகிறது என்பதைக் காட்டும் முதல் அறிகுறிகள். நானே தனியாகச் செய்யக்கூடியவை. மனதைத் திருப்பும் ஆட்களும் இடங்களும், கோல்பேஸில் ஒரு நடையோ மாமி வீட்டுத் தேநீரோ. உதவி கேட்கக்கூடிய ஆட்கள். தொழில்முறை உதவியும் அவசர நம்பர்களும். கடைசியாக, ஆபத்தான பொருட்களை வீட்டிலிருந்து அகற்றுவது அல்லது இன்னொருவர் பொறுப்பில் கொடுப்பது. சிகிச்சையாளரின் நம்பர் ஐந்தாம் படியில் வருவதைக் கவனியுங்கள். ஆறாவது படியை எண்ணம் வந்த பிறகு செய்வது கடினம். திட்டம் எழுதும் நாளிலேயே செய்து முடிக்கவேண்டும். தாளை அமர்விலேயே இருவரும் சேர்ந்து எழுதி, படமெடுத்துப் போனில் வைத்துக்கொள்வது வழக்கம்.

வெளிநாட்டில் இருக்கும் தமிழ்ச் சிகிச்சையாளரிடம் இணைய வழியே பேசுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கொழும்பில் இரவு 11 மணி என்றால் லண்டனில் காலத்தைப் பொறுத்து மாலை 5.30 அல்லது 6.30, டொராண்டோவில் பகல் 12.30 அல்லது 1.30. அவர் விழித்திருப்பார். ஆனால் அங்கிருந்து அவர் எடுக்கும் அவசர நம்பர் அங்குள்ள அம்புலன்ஸைத்தான் கூப்பிடும். உங்கள் முழு விலாசமும், கொழும்பில் கதவைத் தட்டக்கூடிய ஓர் ஆளின் நம்பரும் முதல் அமர்விலேயே அவரிடம் இருக்கவேண்டும்.

போனுக்குள் நடக்கும் சிக்கல்கள்

வட்ஸ்அப்பில் அனுப்பும் மெசேஜை வழியில் யாரும் வாசிக்கமுடியாது என்பது உண்மை. கசிவது இரண்டு முனைகளிலும்தான். மேசையில் கிடக்கும் போனின் பூட்டிய திரையில் முதல் இரண்டு வரி தெரிகிறது; பக்கத்தில் தங்கச்சி இருக்கிறாள். அலுவலகக் கணினியில் திறந்த வட்ஸ்அப் மூடப்படாமல் கிடக்கிறது. கூகுள் டிரைவுக்குப் போகும் பிரதிக்கு நீங்களாகத் தெரிவுசெய்தால் ஒழிய அதே பூட்டு இல்லை. செய்யவேண்டியவை சின்னவை: அறிவிப்பில் வரிகள் தெரியாமல் மறைத்தல், இணைத்த கருவிகளின் பட்டியலைப் பார்த்துத் தெரியாததை நீக்குதல், அந்த உரையாடலைத் தனியே பூட்டுதல், பிரதிக்குக் கடவுச்சொல் போடுதல். போனையே வீட்டில் பொதுவாகப் பாவித்தால் மெசேஜ் வேண்டாம், கோல் போதும்.

நீங்கள் அனுப்புவது சிகிச்சைக் கோப்பின் பகுதியாகலாம் என்பதையும் மனதில் வையுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகைத் தரவாகப் பார்க்கிறது. உங்கள் மெசேஜ்கள் எங்கே, எவ்வளவு காலம் இருக்கும் என்று கேட்பது உங்களுடைய நியாயமான கேள்வி.

குரல் பதிவு தனிக் கதை. எழுத்தை ஒரு பார்வையில் மேயலாம். ஏழு நிமிடக் குரல் பதிவை முழுக்கக் கேட்டால்தான் ஆறாவது நிமிடத்தில் ஆபத்தான வசனம் இருக்கிறதா என்று தெரியும். அமர்வுகளுக்கு நடுவில் ஐந்து நிமிடம் மட்டும் கிடைத்த சிகிச்சையாளருக்கு அது முடியாத காரியம். குரலில்தான் சொல்லவரும் என்றால், அதற்கு மேலே ஒரு வரி எழுதிவிடுங்கள்: "அவசரம் இல்லை, வியாழனுக்கு முன் கேட்டாப் போதும்."

அனுப்பிவிட்டு அழிப்பதும் ஒரு மெசேஜ்தான். மறுமுனையில் "இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது" என்ற வரி மூன்று தடவை, இரவு 1.12, 1.15, 1.21 என்று நிற்கிறது. வாசிப்பவர் பயப்படுவார், என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. அழித்துவிட்டால் "கவலைப்படாதேங்கோ, ஆபத்தில்லை, நேரில சொல்லுறன்" என்று ஒன்று போடுவது அவருக்குச் செய்யும் உதவி. அதைவிட நல்லது, எழுதுவதைக் குறிப்புச் செயலியில் எழுதி, காலையில் வாசித்து, அனுப்புவதா கொண்டுபோவதா என்று முடிவெடுப்பது. இரவில் எழுதியதில் பாதி காலையில் 'தகவல்' வகைக்கு மாறிவிடும்.

அம்மா எடுக்கும் கோல்

எங்கள் வீடுகளில் சிகிச்சையாளருக்குக் கூடுதலாகக் கோல் எடுப்பவர் சிகிச்சைக்கு வருபவர் அல்லாமல் தாயாக இருப்பதும் உண்டு. "தம்பி ஒழுங்கா வாறவனோ மிஸ்? என்ன சொல்லுறவன்? நான் எடுத்தது அவனுக்குத் தெரியவேண்டாம்." மகனுக்கு வயது 26.

18 வயது தாண்டியவர் என்ன பேசினார் என்பதை, ஏன், அவர் வருகிறாரா என்பதையே, அவருடைய சம்மதமின்றிச் சிகிச்சையாளர் சொல்லக்கூடாது. உயிராபத்து இருந்தால் அது வேறு. ஆனால் தாய் சொல்வதைக் கேட்க முடியும். "மூன்று நாளாகச் சாப்பிடவில்லை, பெல்ட்டை எடுத்து ஒளித்திருக்கிறேன்" என்பது உயிர் காக்கும் தகவல். அதைத் தயங்காமல் சொல்லவேண்டும். ரகசியமாக வைக்கச் சொல்லிக் கேட்கக்கூடாது. நல்ல சிகிச்சையாளர் அடுத்த அமர்வின் தொடக்கத்திலேயே "அம்மா எடுத்தவ" என்று சொல்லிவிடுவார். சொல்லாமல் விட்டு மகனுக்குப் பிறகு தெரியவந்தால் அந்த அறையில் அவர் மறுபடி வாய் திறக்கமாட்டார். 18க்குக் கீழே என்றால் பெற்றோருக்கு எவ்வளவு சொல்வது என்பதை முதல் நாளே மூவரும் இருந்து பேசவேண்டும்.

கொழும்புத் தமிழர் வட்டம் சின்னது. வெள்ளவத்தைச் சந்தையிலோ பம்பலப்பிட்டிக் கோயிலிலோ நேருக்கு நேர் சந்திப்பது நடக்கும். சிகிச்சையாளர் தெரியாதவர் போலக் கடந்தால் அது உங்களைக் காப்பதற்காக. நீங்கள் சிரித்தால் அவரும் சிரிப்பார். பேஸ்புக்கில் நட்பு கேட்டு அவர் ஏற்காததும் இதே வகை.

முதல் அமர்விலேயே கேட்கவேண்டியவை

1. எந்த வழியாகத் தொடர்புகொள்ளலாம்? அந்த நம்பரை வேறு யாரும் பார்ப்பார்களா?

2. எந்த நேரத்துக்குள் பதில் எதிர்பார்க்கலாம்? வார இறுதியில், போயா நாளில், நீங்கள் லீவில் இருக்கும்போது?

3. ஏற்பாடு தவிர வேறெதற்கு எழுதலாம்? எது வேண்டாம்?

4. நீண்ட கோலுக்குக் கட்டணம் உண்டா?

5. எனக்கு ஆபத்து என்று தோன்றினால் யாருக்குச் சொல்லுவீர்கள்?

விடைகளை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் போனபின் நிலைமை மாறினால் விதியையும் மாற்றக் கேட்கலாம்.

பதில் வராமல் மனம் நொந்துவிட்டது என்றால், அதற்கு மேலே இன்னொரு நீண்ட மெசேஜ் எழுதுவதில் பயனில்லை. அதற்கும் பதில் தாமதித்தால் காயம் இரட்டிக்கும். அந்த நோவு அடுத்த அமர்வின் முதல் ஐந்து நிமிடத்துக்கு உரியது. கடைசி ஐந்துக்குத் தள்ளினால் கதவடியில் நின்று சொல்லிவிட்டு அழுதுகொண்டு வெளியேற நேரும். உட்கார்ந்தவுடன், "செவ்வாய் இரவு மெசேஜ் போட்டன், நீங்கள் பார்த்திட்டுப் பதில் போடேல்லை. நான் உங்களுக்குப் பாரமா எண்டு நினைச்சன்" என்று சொன்னால் போதும். சிகிச்சையாளர் தன்னைக் காத்துப் பேசாமல், அந்த இரவு எப்படி இருந்தது என்று கேட்பார்; தான் செய்யத் தவறியதைச் சொல்லுவார்; இனி என்ன என்று இருவரும் பேசி முடிவெடுப்பீர்கள். சொல்லியும் எரிச்சல்பட்டால், அல்லது இரண்டு மூன்று தடவை தட்டிக்கழித்தால், வேறொருவரைத் தேட அது போதுமான காரணம். போகும்போது, புதியவருக்கு ஒரு சுருக்கக் கடிதம் தரச்சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.